இரண்டாவது எண்தான் உச்சவரம்பு

என் அம்மா இன்ஷிராஹ் கணினி படித்தவள் அல்ல. அலெக்ஸாந்திரியாவில் ஒரு பருத்தி ஏற்றுமதி அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்களை அரபியில் பெயர்த்துக்கொண்டிருந்தாள். அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். பிறகு அதே ஊரின் ஸ்மூஹா பகுதியில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. நிறுவனம் பயன்படுத்திய கட்டளைக் கருவிக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான் கையேடு இருந்தது. அதை அரபியில் எழுதுவது அவள் வேலை.

சேர்ந்த நாளிலிருந்து எல்லோரும் அவளை ‘பஷ்முஹந்திஸா’ என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் மின்கம்பியைத் தொடுகிறவன் முதல் கணினியைத் தொடுகிறவன் வரை எல்லோரும் தலைமை இன்ஜினியர்தான். அம்மா ஒவ்வொரு முறையும் திருத்துவாள். நான் இன்ஜினியர் இல்லை, மொழிபெயர்ப்பாளர் என்பாள். டீ கொண்டுவருகிறவரிடமும் இதைச் சொல்வாள். அவரும் சரி பஷ்முஹந்திஸா என்று சொல்லிவிட்டுப் போவார்.

போன நவம்பரில், மக்னஸா புயல் கடற்கரைச் சாலையைக் கழுவிக்கொண்டிருந்த வாரத்தில் இறந்துபோனாள். சிறுநீரகம். துபாயிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் எழுதிய ஓர் அத்தியாயத்தைப் பற்றி எழுதத் தெரியும். நானும் சர்வர் தொழிலில்தான் இருக்கிறேன்.

அந்த அத்தியாயம் கன்டெய்னர்களின் நினைவக வரம்பு பற்றியது. ஒரு பெரிய சர்வரைத் தடுப்பு வைத்துப் பல அறைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு அறையும் ஒரு கன்டெய்னர். ஒவ்வொன்றிலும் ஒரு வாடிக்கையாளரின் தளம் ஓடும். ஒன்று நினைவகம் முழுவதையும் தின்றுவிட்டால் மற்றவை பட்டினி. அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். முதல் எண், எப்படியும் கிடைக்கும் என்று உறுதி தரும் அளவு. இரண்டாவது, அதற்கு மேல் போகக் கூடாத உச்சவரம்பு. உச்சவரம்பைத் தாண்ட முயன்றால் உள்ளே ஓடும் நிரலைச் சர்வர் கொன்றுவிடும். முன்கூட்டி எதுவும் சொல்லாது.

அம்மாவின் வேலை முறை எளிமையானது. ஓட்டிப் பார்க்காத கட்டளையை எழுத மாட்டாள். அவள் மேசைக்கு அடியில் யாரோ தூக்கிப்போட்ட ஒரு பழைய கணினி இருந்தது. குளிர்காலத்தில் அதன் மேல் காலை வைத்துக்கொள்வாள். ஒரு வாக்கியம் எழுதுவாள், அதிலிருக்கும் கட்டளையை நகலெடுத்து அந்தக் கணினியில் ஒட்டுவாள், என்ன நடக்கிறது என்று பார்ப்பாள், பிறகு அடுத்த வாக்கியம். நிரல் செத்தால் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வந்து, இன்று மூன்றைக் கொன்றேன் என்பாள். கப்பலிலிருந்து விடுப்பில் வந்திருந்த அப்பா, வெளியில் யாரிடமும் இப்படிச் சொல்லிவைக்காதே என்றார்.

கையேடு வெளிவந்தது. ஆங்கிலம் வராதவர்கள், அல்லது வரும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் கட்டளை அடிக்கத் தெரிந்த விருந்தாளி வந்தால், நினைவக அத்தியாயம் புரிகிறதா என்று எப்படியாவது பேச்சைக் கொண்டுவந்துவிடுவாள்.

பிறகு ஒரு ஜூலை மாதம், மேல்நிலைத் தேர்வு முடிவு வந்த நாள்.

எகிப்தில் அந்த நாளில் யாரும் வேறு எதுவும் செய்வதில்லை. தமன்ஹூரில் கணினிக் கடை வைத்திருந்த புர்ஹாம் என்பவர் பஹீரா மாகாணத்து முடிவுகளை மட்டும் காட்டும் ஒரு தளம் வைத்திருந்தார். அம்மாவின் நிறுவனத்தில்தான் அவர் சர்வர். அம்மாவின் கையேட்டைப் பார்த்துத்தான் வரம்பு வைத்திருந்தார். காலையில் முடிவு வந்தது. பஹீரா முழுக்க எல்லாப் பிள்ளைகளும் தங்கள் தேர்வு எண்ணை அதில் அடித்தார்கள். தளம் செத்தது. எழுந்தது. மறுபடி செத்தது. மதியம்வரை இதுதான். ஜனங்கள் தளத்தை விட்டுவிட்டு நேரே கடைக்கே வந்துவிட்டார்கள். ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றினாளாம்.

அடுத்த நாள் புர்ஹாம் ஸ்மூஹாவுக்கு வந்தார். கையில் கையேட்டின் ஒரு பக்கம். அம்மாவின் மேசையைத் தேடிக் கண்டுபிடித்தார். அலுவலகம் மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தார்களாம். கத்தவில்லை.

“மதாம், இத எழுதுனது நீங்கதானே? இதுல இருக்கறத அப்படியே அடிங்க. ஒட்டக் கூடாது. தாளப் பார்த்து, உங்க கையால.”

அம்மா அடித்தாள். இரண்டு எண்களையும் அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். அவளும் பெரிய எண்ணைத்தான் முதலில் அடித்திருந்தாள்.

நடந்தது இதுதான். அரபி வலமிருந்து இடமாகப் போகும். கட்டளை இடமிருந்து வலமாகப் போகும். தனிக் கட்டத்துக்குள் கட்டளை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உதாரணத்தில் இரண்டு எண்களும் 512 என்று ஒன்றாகவே இருந்தன. கட்டத்துக்குக் கீழே ஒரு வாக்கியத்தில், கூட்டம் அதிகம் வரும் தளம் என்றால் 512, 2048 என்று கொடுக்கவும் என்று எழுதியிருந்தாள். அரபி வாக்கியத்துக்குள் விழுந்ததும் அந்த எண்கள் அரபியின் திசைக்குப் போய்விட்டன. வலப்பக்கம் 512, இடப்பக்கம் 2048. அரபியாக வாசித்தால் சரி. கட்டளை அடிக்க இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறவன் 2048-ஐத்தான் முதலில் அடிப்பான். 512 உச்சவரம்பாகிவிடும். கருவி அதையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

அம்மா எல்லாவற்றையும் ஓட்டித்தான் பார்த்திருந்தாள். ஆனால் நகலெடுத்து ஒட்டி. ஒட்டும்போது எண்கள் எழுதிய வரிசையிலேயே போகும். தாளைப் பார்த்துக் கையால் அடிக்கிறவனுக்கு மட்டும்தான் மாறும். அந்த ஒன்றை அவள் செய்து பார்க்கவில்லை.

புர்ஹாமிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. நிறுவனத்தை மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டு, தாளை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை மேலாளர் வஜ்தி அம்மாவை அழைத்தார். வஜ்தி கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் தப்பு இல்லை, அதுதான் சிக்கல்.

“பஷ்முஹந்திஸா, இது உங்க தப்பே இல்ல. வலமிருந்து போற மொழிக்குள்ள இடமிருந்து போற கட்டளைய வெச்சா எங்கயாவது முட்டிக்கத்தான் செய்யும். இன்னிக்கு இந்த எடம், நாளைக்கு வேற எடம். விட்டுடுவோம். இலையுதிர்காலத்துல புது பதிப்பு வருது. அதுக்கு இங்கிலீஷ் கையேடு மட்டும் போதும். கட்டளை அடிக்கறவனுக்கு இங்கிலீஷ் தெரியாமயா இருக்கும்?”

“புர்ஹாமுக்குத் தெரியாது” என்றாள் அம்மா.

“அவருதான் போறாரே.”

“போகட்டும். போறதுக்கு முன்னாடி அவர உட்கார வெச்சுப் பார்க்கறேன். நான் திருத்தி எழுதுற பக்கத்த மட்டும் பார்த்து, யாரையும் எதுவும் கேக்காம, எதுவும் சாகாம அவர் வரம்பு வெச்சுட்டா கையேடு இருக்கும். இல்லன்னா எடுத்துடுங்க.”

வஜ்தி சிரித்தார். அந்த மனுஷன் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார் என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார். இலையுதிர்காலம் வரைக்கும் கெடு.

அவள் அதற்கு முன் எதற்கும் இப்படிப் பந்தயம் கட்டி நான் பார்த்ததில்லை. பேரம் பேசவே கூச்சப்படுகிறவள். மீன் சந்தைக்கு அப்பா இல்லாமல் போக மாட்டாள். அந்தக் கையேட்டைத் தவிர அவள் பெயரில் இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்று அவள் நினைத்தாள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. அதில் அவள் பெயர் அச்சாகக்கூட இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் ஸீதி காபிர் நிலையத்திலிருந்து தமன்ஹூருக்கு ரயிலில் போனோம். நான் அப்போது பொறியியல் கடைசி வருடம். அவளுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றுதான் என்னைக் கூட்டிப்போனாள். ரயிலில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“வாயத் தொறக்காத. முகத்துலயும் ஒண்ணும் காட்டாத. அவரு தப்பா அடிச்சா நீ ஜன்னலப் பாரு.”

புர்ஹாம் எங்களை வாசலில் நிறுத்தவில்லை. ஆனால் உட்காரச் சொல்லவும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அம்மா என்ன வேண்டும் என்று சொன்னதும் கடைப் பையனை அனுப்பிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். எல்லோர் எதிரிலும் பரீட்சை எழுத அவருக்கு இஷ்டமில்லை. ஆங்கிலம் தெரியாது என்பதைக் கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சொன்னதே இல்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா புதிய பக்கத்தைக் கொடுத்தாள். எந்த வாக்கியத்திலும் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஒரு வரிக்கு ஓர் எண். இது உறுதி அளவு, இதை முதலில் அடிக்கவும். இது உச்சவரம்பு, இதை இரண்டாவதாக அடிக்கவும். புர்ஹாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடித்தார். சரியாக வந்தது. நான் ஜன்னலைப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரின் வரம்பைக் குறைப்பது. பக்கத்தில் முதலில் கட்டம், கட்டத்துக்குள் கட்டளை. அதற்குக் கீழே, கன்டெய்னர் இப்போது தின்றுகொண்டிருக்கும் அளவுக்குக் கீழே வரம்பைக் குறைத்தால் நிரல் கொல்லப்படும் என்ற எச்சரிக்கை. புர்ஹாம் கட்டத்தைப் பார்த்தார். அடித்தார். என்டரைத் தட்டினார். பிறகு சாவகாசமாகக் கீழே வாசிக்க ஆரம்பித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

போன் அடித்தது. அவர் மைத்துனர். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். அந்தத் தளம்தான் செத்தது. அவர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

“மண்டபத்தோட பக்கம் காணோம்யா! மாப்பிள்ள வீட்டுக்காரங்க எதிர்ல உட்கார்ந்திருக்காங்க. தேதி காட்டுன்றாங்க.”

“ஒரு புஸ்தகம் தின்னுடுச்சு. ரெண்டு நிமிஷம் அவங்களுக்கு டீ குடு.”

“என்னது தின்னுடுச்சு?”

“டீ குடுன்னேன்.”

தளத்தை மறுபடி ஓடவைத்தார். அம்மா பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வஜ்தியிடம் கட்டிய பந்தயத்தின்படி இது தோல்வி. புர்ஹாமுக்கும் அது புரிந்தது. அவர் மனைவி மாடியிலிருந்து அடுக்கு ரொட்டியும் பழைய பாலாடைக்கட்டியும் தேனும் அனுப்பினாள். தோற்றவர்களுக்கு வைப்பது போல நிறைய வைத்திருந்தாள். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள்.

ரயிலில் திரும்பும்போது வெகுநேரம் பருத்தி வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் எழுதுற வரிசையில யாரும் படிக்கறதில்ல ரீஹாம். கட்டத்தப் பார்க்கறாங்க, அடிக்கறாங்க, அப்புறம்தான் படிக்கறாங்க. தப்பு அவங்க மேல இல்ல. வேல செய்யற கை அப்படித்தான் போகும். நான் ஆற அமர உட்கார்ந்து எழுதறேன். அவரு போன் அடிச்சுட்டு இருக்கும்போது படிக்கறாரு.”

அடுத்த சில வாரங்கள் அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதினாள். ஒட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அச்செடுத்து என் கையில் கொடுத்து அடிக்கச் சொல்வாள். நீ இன்ஜினியரிங் படிக்கிறவள், உன் கை எதிர்பார்த்ததைத்தான் அடிக்கும், நீ பிரயோஜனம் இல்லை என்று அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா கண்ணாடியைத் தேடுவதிலேயே நேரத்தை ஓட்டிவிட்டு, என்னைக் கப்பலுக்கு அனுப்பிவிடு என்றார். கடைசியில் கீழ்வீட்டு இஸ்திரிக்காரரின் மனைவி வந்து அடித்தாள். அவளுக்குக் கன்டெய்னர் என்றால் துறைமுகத்தில் இருப்பதுதான். ஆனால் வரி வரியாக, ஒன்றையும் தாண்டாமல் அடித்தாள். எங்கே தயங்கினாளோ அந்த வாக்கியத்தை அம்மா மாற்றினாள்.

செப்டம்பரில் மறுபடி தமன்ஹூர். இந்த முறை எச்சரிக்கை கட்டத்துக்கு மேலே இருந்தது. அதற்கும் மேலே, இப்போது எவ்வளவு தின்கிறது என்று பார்க்கும் கட்டளை. பார்த்த எண்ணை எழுத ஒரு வெற்றிடம். அது நிரம்பாமல் அடுத்த வரிக்குப் போக முடியாதபடி எழுதியிருந்தாள். புர்ஹாம் அடித்தார். எண்ணை எழுதினார். கணக்குப் போட்டார். என்டருக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் போலவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டினார். எதுவும் சாகவில்லை. மைத்துனரின் போன் வருமா என்று காத்திருந்தோம். வரவில்லை. புர்ஹாமே அவரைக் கூப்பிட்டு, பக்கம் திறக்கிறதா என்று கேட்டார். திறக்கிறது, இப்போது எதற்குக் கேட்கிறாய், என்ன செய்துவைத்தாய் என்று அவர் பயந்துபோனார்.

அம்மா வஜ்தியை அழைத்துப் போனைப் புர்ஹாமிடம் கொடுத்தாள்.

“பஷ்முஹந்திஸ் வஜ்தி, நான்தான். வெச்சுட்டேன். யாரையும் கேக்கல. ஹாஜ்ஜா ஒரு வார்த்த பேசல, சத்தியமா. ஆனா நான் உங்கள விட்டுப் போறேன், அது மாறல. அங்கயும் இதே கருவிதான், இந்தப் பக்கத்த மட்டும் எடுத்துட்டுப் போறேன்.”

அம்மா அவரிடம் தான் இன்னும் ஹஜ் போகவில்லை, ஹாஜ்ஜா என்று கூப்பிட வேண்டாம் என்று மெதுவாகத் திருத்தினாள்.

ரயிலில் அவள் வாயெல்லாம் சிரிப்பு. ஸீதி காபிரில் இறங்கி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள்.

மறுநாள் வஜ்தி அவளை அழைத்தார். நீங்கள் ஜெயித்தது உண்மைதான் என்றார். ஆனால் மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள்: இந்தக் கையேட்டால் தங்கிய ஒரு வாடிக்கையாளரைக் காட்டுங்கள். இருந்த ஒருவரும் போகிறார். அரபிக் கையேடு புதிய பதிப்போடு வரவில்லை. வேண்டுமென்றால் புர்ஹாம் தன் தளத்தில் போட்டுக்கொள்ளட்டும், நிறுவனம் தடுக்காது என்றார். அந்தத் தலைவலி அவருக்கே இருக்கட்டும் என்றாராம்.

அம்மா அன்று வீட்டுக்கு வந்து துணி இஸ்திரி போட்டாள். தேவையில்லாத தலையணை உறைகளைக்கூட விடவில்லை. பிறகு புர்ஹாமை அழைத்தாள்.

அப்படித்தான் அந்த அத்தியாயம் தமன்ஹூருக்குப் போனது. பிறகு அவள் ஓய்வுபெறும்வரை அதே நிறுவனத்தில் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதினாள். கருவியில் ஏதாவது மாறினால் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்புவாள். புர்ஹாம் அச்செடுத்து, தன் கையால் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தளத்தில் போடுவார். தயங்கிய இடத்தைச் சொல்வார். அவள் மறுப்பாள். போனில் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். பாக்தாத்திலிருந்தும் ஓரானிலிருந்தும் ஆட்கள் நன்றி எழுதினார்கள். புர்ஹாம் அதை வாசித்துக் காட்டுவார். அம்மா, சரி, அந்த நாலாவது வரியைப் பற்றிச் சொல்லுங்கள் என்பாள்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு திருத்துவது நின்றது. நான் துபாயில் இருந்தேன்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் புர்ஹாம் என்னை அழைத்தார். அவங்க மிச்ச ஆயுசும் உனக்குக் கிடைக்கட்டும் என்று இன்னொரு முறை சொன்னார். துக்கத்துக்கு வந்தபோதும் சொல்லியிருந்தார். பிறகு கொஞ்சம் இருமினார். மின்யாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அம்மாவின் பக்கத்தைப் பார்த்துச் செய்ததில் அவர் கன்டெய்னர்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன என்றார்.

எனக்குக் கேட்டவுடன் தெரிந்தது. கருவியின் புதிய பதிப்பில் ஒரே எண்தான். அதுவே உச்சவரம்பு. இரண்டு எண் கொடுத்தால் முதலாவதை வரம்பாக எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிவிடும். அம்மாவின் பக்கத்தில் முதல் எண் எப்போதும் சின்னது. அதை நம்பி அடிக்கிற ஒவ்வொருவரின் தளமும் சாகும்.

புர்ஹாமுக்கும் காரணம் தெரிந்திருந்தது. அடித்துப் பார்த்திருந்தார்.

“நீ திருத்திக் குடுத்துடும்மா. உனக்கு ஒரு மணி நேர வேல.”

“திருத்த முடியாது மாமா. அத்தியாயம் முழுக்க ரெண்டு எண்ண வெச்சுத்தான் கட்டியிருக்காங்க. ஒண்ண எடுத்தா ஒரு வாக்கியமும் நிக்காது.”

“அப்ப மேல ஒரு வரி போடுவோம். பழைய பதிப்புக்கு மட்டும்னு.”

“நீங்க படிப்பீங்களா அந்த வரிய?”

அவருக்குப் பின்னால் கடையில் யாரோ பிரிண்டருக்கு மை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எடுத்துடணும்னு சொல்ற.”

“ஆமா.”

“என்னால முடியாது. அதுல என் கை படாது. பாஸ்வேர்ட் தர்றேன், நீயே எடு.”

எழுத்து எழுத்தாகச் சொன்னார். உள்ளே போனேன். அந்தக் கோப்புறையில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எடுத்து வைத்தேன். பிறகு அழித்தேன். வேறொரு திரையில் திறந்து பார்த்தேன். பக்கம் இல்லை என்று வந்தது. கருவி சொல்கிறது என்பதற்காக மட்டும் நம்பக் கூடாது.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

“மின்யாக்காரருக்கு நான் என்ன சொல்றது? அவருக்கும் இங்கிலீஷ் வராது. என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காரு.”

“என் நம்பரக் குடுங்க.”

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மின்யாக்காரர் அழைத்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். எந்த எண்ணை முதலில் போட வேண்டும் என்று கேட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இப்போது ஒரே ஓர் எண்தான், அதை அடிப்பதற்கு முன்னால் உங்கள் கன்டெய்னர் எவ்வளவு தின்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன் என்றேன்.